காலில் சக்கரம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)



செயலாளர் அவர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அமெரிக்காவிலிருந்து வர்றே, பசங்களுக்கு வேலைவாய்ப்பைப் பத்தி இருபது நிமிஷம் பேசு" என்றார். "சார், வேலையைப் பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சக்கரத்தைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். "மெக்கானிக்கல்காரன், அதுவும் சரிதான்" என்று விட்டுவிட்டார். எந்தச் சக்கரம் என்று அவர் கேட்கவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன் சார். காலில் கட்டிக்கொள்கிற சக்கரம். இன்லைன் ஸ்கேட்டிங்.

கல்லூரி நாட்களில் லீவுக்கு ஊருக்குப் போனால் நான் வீட்டில் தங்கமாட்டேன். "இவனுக்குக் கால்ல சக்கரம் கட்டியிருக்கு" என்று அம்மா திட்டுவார்கள். 2010-இல் இந்த வாசலை விட்டு வெளியே போனேன். வேலை, கல்யாணம், வெளிநாடு என்று எட்டு வருஷம் ஓடியது. பிறகு ஒருநாள் அந்தச் சக்கரம் எங்கே போயிற்று என்று தேடினால், அது என் ஆபீஸ் நாற்காலிக்கு அடியில் இருந்தது! ஐந்து சக்கரம் வைத்த நாற்காலி. பக்கத்து மேஜைக்குப் போகக்கூட எழுந்திருக்காமல் உருண்டே போய்க்கொண்டிருந்தேன்.

சிரிக்கிறீர்கள். இன்று காலை டிபனுக்கு எங்கள் பேட்ச் நண்பர்கள் ஏழு பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். எல்லோருக்கும் வயது முப்பத்தாறு, முப்பத்தேழு. பொங்கல், வடை வருவதற்கு முன்னால் மூன்று பேர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுத்தார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் பதினேழு தோசை சாப்பிட்டு ரெக்கார்டு வைத்தவர் அதில் ஒருவர். இன்று இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு, நான் தேர்ந்தெடுத்த தலைப்பு சரிதான் என்று தோன்றியது.

என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். முப்பது வருஷம் இயந்திரங்களின் நடுவே நின்றே வேலை பார்த்தார். ஓய்வு பெற்று உட்கார்ந்ததும் சர்க்கரை வந்தது. 2016-இல் தங்கையின் கல்யாணத்துக்காகப் புது ஷூ வாங்கினார். கொஞ்சம் இறுக்கம். நாலு மணி நேரம் மண்டபத்தில் அதோடு நின்றார். சுண்டுவிரலில் கொப்புளம் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை கால் நரம்புகளை மரக்கச் செய்திருந்தது. தெரிந்தபோது புண் ஆழமாகிவிட்டது. அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு ஜோடி ஷூ! அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 2018-இல், அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரத்தில் எனக்கு வருடாந்திரப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்திய கட்டம். 6.5 வந்தால் நோய். அப்பாவின் கதையைச் சொன்னேன். டாக்டர் அம்மையார் மாத்திரை எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உடம்பு வேர்க்கிற மாதிரி நீங்கள் ஆசைப்பட்டுச் செய்கிற காரியம் என்ன?" எனக்குப் பதில் இல்லை. ஆசைப்பட்டுச் சாப்பிடுகிற ஐட்டம் கேட்டிருந்தால் பட்டியலே கொடுத்திருப்பேன்.

ஜிம்மில் சேர்ந்தேன். ட்ரெட்மில்லில் ஏறிச் சுவரைப் பார்த்து ஓடினேன். பத்து நிமிஷம் ஆனதா என்று பார்த்தால் நாலு நிமிஷம்தான் ஆகியிருக்கும். ஆறாவது வாரம் நின்றுவிட்டேன். பணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. உங்களில் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருக்கும், கை தூக்கச் சொல்லமாட்டேன்.

மின்னியாபொலிஸ் ஏரிகளின் ஊர். அதில் பிடே மக்கா ஸ்கா என்று ஓர் ஏரி. டகோட்டா மக்களின் மொழியில் வெள்ளை மண் ஏரி என்று பொருள். அதைச் சுற்றி ஏறக்குறைய 5 கி.மீ. பாதை. நடக்கிறவர்களுக்கு ஒன்று, சைக்கிளுக்கும் ஸ்கேட்டிங்குக்கும் தனியாக ஒன்று. அதில் எல்லோரும் ஒரே திசையில்தான் போகவேண்டும். ஒரு சாயங்காலம் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். நான் அரைச் சுற்று முடிப்பதற்குள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடியும் தாண்டிப் போனார்கள். அவர்கள் முகத்தில் சிரிப்பு. என் முகத்தில் என்ன இருந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

இந்த ஊருக்கும் இந்தச் சக்கரத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. வரிசையாகச் சக்கரம் வைக்கும் யோசனை பழசு. 1819-இலேயே பாரிஸில் பெட்டிப்ளெட் என்பவர் அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். ஆனால் நேரே போகும், வளையாது. 1863-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பிளிம்டன், முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று நாலு சக்கரத்தைக் கார் மாதிரி அமைத்து, உடம்பைச் சாய்த்தால் திரும்பும்படி செய்தார். நூறு வருஷத்துக்கு மேல் அதுதான் ஸ்கேட். 1980 வாக்கில் இதே மின்னியாபொலிஸில் ஸ்காட் ஓல்சன், பிரென்னன் ஓல்சன் என்ற சகோதரர்கள், பனிக்கட்டி இல்லாத கோடைக்காலத்திலும் ஐஸ் ஹாக்கிப் பயிற்சி செய்யவேண்டும் என்று, பழைய இன்லைன் ஸ்கேட் ஒன்றைப் பார்த்து, பூட்ஸுக்கு அடியில் பாலியூரிதேன் சக்கரங்களை வரிசையாகப் பொருத்தினார்கள். ரோலர்பிளேடு பிறந்தது அப்படித்தான். 1990-களில் உலகம் முழுவதும் பரவியது. பிறகு மோகம் குறைந்தது. ஆனால் அந்த ஏரிக்கரையில் மட்டும் ஸ்கேட்டிங் நிற்கவே இல்லை.

சரி, நானும் வாங்கினேன். பெரிய கடை ஒன்றில் தள்ளுபடி விலையில் இருந்தது. ஒரு சைஸ் பெரிதாக எடுத்தேன். ஏன் தெரியுமா? சின்ன வயதில் ஸ்கூல் ஷூ வாங்கும்போது அம்மா சொல்வார்கள் இல்லையா, "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடு" என்று. முப்பது வயதில் எந்தக் கால் வளரப்போகிறது! பழக்கம்தான். மணிக்கட்டுக் கவசமும் வாங்கவில்லை. அது சின்னப் பிள்ளைகளுக்கு என்று நினைத்தேன்.

முதல் நாள் கணுக்கால் இரண்டும் உள்பக்கமாக மடிந்தன. இரண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம். மூன்றாம் நாள், ஒரு சின்ன இறக்கத்தில், ஷூ ஒரு பக்கம் போக உள்ளே கால் ஒரு பக்கம் போக, கையை ஊன்றிக்கொண்டு விழுந்தேன். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஸ்கேட்டை எடுத்துக் கார் ஷெட்டின் மேல் தட்டில் வைத்துவிட்டு வந்தாள், அவ்வளவுதான். அம்மா போனில், "முப்பது வயசுல சின்னப் புள்ளையாட்டம் இதெல்லாம் உனக்குத் தேவையா?" என்று அழுதார்கள். அப்பா போனை வாங்கினார். அவர் கேட்ட கேள்வி இது. "ஏம்ப்பா, வழுக்குனது சக்கரமா, ஆடுனது ஷூவா?"

ஃபிட்டர் கேட்கிற கேள்வி! மில்லில் ஒரு ஸ்பிண்டில் உதறினால், மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன்னால் அது உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்ப்பார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். ஷூதான் ஆடியது. அப்பாவை ஒரு ஷூ இறுக்கிக் கெடுத்தது. என்னை ஒரு ஷூ ஆடிக் கெடுத்தது.

அடுத்த வசந்தத்தில், ஸ்கேட் மட்டுமே விற்கிற ஒரு சின்னக் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் சக்கரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, பாதத்தை அளந்தார். என் பாதம் 26 செ.மீ. 8 மி.மீ. நான் வாங்கியிருந்தது 28.5 செ.மீ. பாதத்துக்கான ஷூ. "நீங்கள் ஸ்கேட் செய்யவில்லை, வாளியில் காலை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறீர்கள்" என்றார். அன்று அவரிடம் கற்றுக்கொண்டதையும், பிறகு நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, இங்கே வாங்க நினைக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது அளவு. சாயங்காலத்தில் அளந்து பாருங்கள், அப்போது பாதம் சற்று உப்பியிருக்கும். குதிகாலைச் சுவரில் ஒட்டி வைத்து, முழு எடையோடு நின்று, நீளமான விரலின் நுனி வரை மில்லிமீட்டரில் அளக்கவேண்டும். இரண்டு காலையும் அளந்து, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஸ்கேட்டுகளில் பாத நீளம் செ.மீ. கணக்கில் போட்டிருக்கும். எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சென்டிமீட்டர் மாறாது.

இரண்டாவது போட்டுப் பார்ப்பது. மெல்லிய சாக்ஸோடு போட்டு, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்துவிட்டு, பிறகு கட்டவேண்டும். நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்னால் லேசாகத் தொடவேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால், அந்தத் தொடுதல் விலகவேண்டும். அப்போது குதிகால் மேலே எழும்பினால் ஷூ பெரியது. கடையிலேயே கால் மணி நேரம் போட்டுக்கொண்டு நில்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஓர் இடத்தில் மட்டும் குத்தினாலோ, விரல் மரத்தாலோ அது உங்கள் ஷூ இல்லை. "போடப் போடச் சரியாயிடும் சார்" என்பார்கள். உள் மெத்தை கொஞ்சம் அமுங்கும், வெளி ஓடு அமுங்காது.

மூன்றாவது கணுக்கால். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கணுக்காலுக்கு மேல் வரை கெட்டியாகப் பிடிக்கிற ஷூ வேண்டும். கையால் மேல்பகுதியைப் பக்கவாட்டில் வளைத்துப் பாருங்கள். துணிப்பை மாதிரி மடிந்தால் வாங்காதீர்கள். வளர்கிற குழந்தைகளுக்கு மூன்று நாலு சைஸ் வரை நீட்டிக்கொள்ளும்படியான ஸ்கேட்டுகள் இருக்கின்றன. எங்கள் அம்மாக்களின் கவலைக்கு அதுதான் சரியான தீர்வு.

நான்காவதுதான் சக்கரம். நம் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். பெரிய சக்கரம் வேகமாகப் போகும், சின்னக் கல்லை எளிதாகத் தாண்டும். ஆனால் உயரம் கூடும், நிலைத்து நிற்பது கஷ்டம். ஆரம்பிக்கிற பெரியவர்களுக்கு 76 முதல் 84 மி.மீ. விட்டமே போதும். 100, 110 மி.மீ. எல்லாம் தூரமும் வேகமும் போகிறவர்களுக்கு. ரப்பர் மாதிரித் தெரிகிற சக்கரம் பாலியூரிதேன். அதன் கடினத்தை 78ஏ, 85ஏ என்று எழுதியிருப்பார்கள். எண் கூடினால் கெட்டி. சொரசொரப்பான தரையில் மிகக் கெட்டியான சக்கரம் பல் கிட்டுகிற மாதிரி அதிரும். மிக மெதுவானது சீக்கிரம் தேயும். 82ஏ முதல் 85ஏ வரை பொதுவான உபயோகத்துக்கு நல்லது. உள்பக்க விளிம்புதான் முதலில் தேயும். அவ்வப்போது சக்கரங்களைத் திருப்பி, இடம் மாற்றிப் போட்டால் நீண்ட நாள் வரும்.

ஐந்தாவது பேரிங். மெக்கானிக்கல் மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு சக்கரத்துக்கு இரண்டு, ஆக நாலு சக்கர ஸ்கேட் ஜோடிக்குப் பதினாறு. பெரும்பாலும் 608 நம்பர்: உள் துளை 8, வெளி விட்டம் 22, அகலம் 7 மி.மீ. அட்டைப்பெட்டியில் ஏபெக் 7, ஏபெக் 9 என்று போட்டு விலையை ஏற்றுவார்கள். ஏபெக் என்பது தயாரிப்பின் அளவுத் துல்லியத்துக்கான தரம். அதி வேகத்தில் சுழலும் இயந்திரங்களுக்கு அது முக்கியம். நம் கணக்கைப் பாருங்கள். 80 மி.மீ. சக்கரம், மணிக்கு 20 கி.மீ. வேகம். ஒரு சுற்றுக்கு 251 மி.மீ. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1,325 சுற்று. 608 பேரிங் இருபதாயிரம் சுற்றுக்கு மேல் தாங்கும். அப்படியிருக்க அந்த நம்பருக்காக நாம் ஏன் அதிகப் பணம் கொடுக்கவேண்டும்? அந்தப் பணத்தை ஷூவில் போடுங்கள். மழைத் தண்ணீரில் ஓட்டாதீர்கள். பேரிங் துருப்பிடிக்கும், நீங்களும் வழுக்கி விழுவீர்கள்.

ஆறாவது, நான் வாங்காமல் விட்டது. ஹெல்மெட், மணிக்கட்டுக் கவசம், முழங்கை, முழங்கால் கவசங்கள். 1996-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இன்லைன் ஸ்கேட்டிங் காயங்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. காயங்களில் மூன்றில் ஒன்று அளவுக்கு மணிக்கட்டில். கவசம் போடாதவர்களுக்கு மணிக்கட்டுக் காயம் ஏற்படும் வாய்ப்பு, போட்டவர்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். நான் அதைப் படித்தது மாவுக்கட்டுப் போட்ட கையோடு, இடது கையால் பக்கம் திருப்பி.

கற்றுக்கொள்வதைப் பற்றிக் கொஞ்சம். முதலில் புல்தரையில் போட்டுக்கொண்டு நடங்கள், சக்கரம் ஓடாது, பயம் போகும். பிறகு சிமெண்டுத் தரை. முன்பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி வாத்து நடை. முழங்கால் எப்போதும் மடங்கியிருக்கவேண்டும், எடை முன்னால் இருக்கவேண்டும். காலைப் பின்னால் உதைக்கக்கூடாது, பக்கவாட்டில் தள்ளவேண்டும். ஓடக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வலது குதிகாலில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அந்தக் காலை முன்னால் நீட்டி, நாற்காலியில் உட்காருகிற மாதிரி இடுப்பைத் தாழ்த்தி, விரல் பக்கத்தைத் தூக்கினால் அது தரையில் உரசி நிறுத்தும். விழுவதாயிருந்தால் முன்பக்கம் முழங்கால் கவசத்தின் மேல் விழுங்கள். பின்பக்கம் விழாதீர்கள்.

இதனால் உடம்புக்கு என்ன லாபம்? சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியை ஒன்று என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 5 கி.மீ. நடப்பது ஏறக்குறைய மூன்றரை. மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் நிதானமாக ஸ்கேட் செய்வது ஏழரை. மணிக்கு 18 கி.மீ. வேகம் போனால் பத்துக்குப் பக்கம். எழுபது கிலோ ஆள் அரை மணி நேரம் நிதானமாகப் போனாலே சுமார் 260 கலோரி. தொடை, இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதி எல்லாம் வேலை செய்யும். ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் தரையில் மோதுவது போன்ற இடி இதில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 நிமிஷம் கடுமையானது. ஸ்கேட்டிங் இரண்டாவது ரகம். இருபத்தைந்து நிமிஷம் வீதம் வாரத்துக்கு மூன்று நாள் போதும்.

ஆனால் நான் தொடர்ந்து செய்ததற்கு இந்தக் கணக்கு காரணம் இல்லை. கணக்கு ட்ரெட்மில்லுக்கும் இருந்தது. சரியான ஷூவோடு முதல்முறை அந்த ஏரியைச் சுற்றியபோது, ஒரு தள்ளு தள்ளி, அடுத்த தள்ளு வரைக்கும் சும்மா வழுக்கிக்கொண்டு போகிற அந்த இரண்டு விநாடி இருக்கிறதே, அதற்காகத்தான் மறுநாளும் போனேன். சின்ன வயதில் சைக்கிளில் பாலத்து இறக்கத்தில் பெடலை விட்டுவிட்டு வருவோமே, அதே சந்தோஷம். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். எங்கள் ஊரில், இடிக்கப்பட்டுவிட்ட மெட்ரோடோம் அரங்கத்தின் காலத்திலிருந்தே, குளிர்காலத்தில் அரங்கத்து உள் வராந்தாவில் ஸ்கேட் செய்ய விடும் வழக்கம் இருந்தது. புது அரங்கத்திலும் அப்படி விட்ட நாட்களில் நான் போனேன்.

2019 கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கான தனிச் செருப்பு. தினமும் சாயங்காலம் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். கீழே கிடந்த கூழாங்கற்களைப் பொறுக்கிச் சட்டையின் வலது பையில் போட்டுக்கொள்வார். நான் ஒரு சுற்று முடித்து அவரைத் தாண்டும்போது ஒரு கல்லை இடது பைக்கு மாற்றுவார். மில்லில் ஷிஃப்டு கணக்கு வைத்த மனிதர் இல்லையா! வீட்டுக்குத் திரும்பியதும் என் ஷூவைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பார். விரல் இடுக்கில், குதிகாலில், அடியில். "கொப்புளம் இல்ல. நல்ல ஷூ" என்பார். தன் பாதத்தைத் தினமும் பார்க்கச் சொல்லி டாக்டர் கொடுத்த புத்தியை என் காலிலும் செய்துபார்த்தார்.

அந்த வருஷக் கடைசியில் என் எச்பிஏ1சி 5.6. ஸ்கேட்டிங்கால் மட்டும் வந்தது என்று சொன்னால் பொய். சோற்றைக் குறைத்தேன், ராத்திரி தூங்கினேன். ஆனால் அந்த இரண்டையும் செய்யத் தூண்டியது ஸ்கேட்டிங்தான். மறுநாள் ஏரிக்குப் போகவேண்டும் என்றால் முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிரியாணி சாப்பிட முடியாது.

அப்பா 2021-இல் காலமானார். 2022 செப்டம்பரில் மினசோட்டாவின் நார்த்ஷோர் இன்லைன் மாரத்தானில் கலந்துகொண்டேன். 1996-இல் ஆரம்பித்த பந்தயம். டூ ஹார்பர்ஸ் என்ற சிற்றூர்ப் பக்கம் தொடங்கி, கடல் மாதிரி விரிந்து கிடக்கிற சுப்பீரியர் ஏரிக் கரையோரமாக டுலூத் நகரம் வரைக்கும் 42 கி.மீ. ஜெயிக்கிறவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிட்டிருப்பார்கள், நான் இரண்டேகால் மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தேன். அறைக்கு வந்து ஷூவைக் கழற்றியதும் முதலில் பாதத்தைத்தான் பார்த்தேன். கொப்புளம் இல்லை.

இதெல்லாம் அமெரிக்காவில் சரி, நம்ம ஊரில் நடக்குமா என்று கேட்பீர்கள். நம் ரோட்டில் வேண்டாம். வேகத்தடை, ஜல்லி, நாய், எதிர்த்திசை மோட்டார் சைக்கிள் இவற்றோடு போட்டி போடாதீர்கள். ஆனால் ஸ்கேட்டிங் நமக்கு அந்நியமும் இல்லை. 2023-இல் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் ரிலேயில் நம் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் வாங்கின. ஆனந்த்குமார் வேல்குமார், ஆரத்தி கஸ்தூரிராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் என்று அந்த அணிகளில் இருந்தவர்கள் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். சென்னைக்காரரான அதே ஆனந்த்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1,000 மீட்டரில் தங்கம் வாங்கி, இந்தப் போட்டியில் இந்தியாவின் முதல் உலக சாம்பியன் ஆனார். அதே போட்டியில் 42 கி.மீ. மாரத்தானிலும் தங்கம். அவர்கள் கற்றுக்கொண்டதும் இதே வெயிலில், இதே ஊர்களில்தான்.

நமக்குத் தங்கம் வேண்டாம். வழவழப்பான சிமெண்டுத் தரை, போக்குவரத்து இல்லாத ஒரு மணி நேரம், அது போதும். நம் கல்லூரிப் பாஸ்கெட்பால் கோர்ட் காலை ஆறிலிருந்து ஏழு வரை காலியாகத்தான் கிடக்கிறது. நேற்றும் பார்த்தேன், இன்றும் பார்த்தேன்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள், எலும்பு தேய்மானம் உள்ளவர்கள், தலைசுற்றல் வருகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. என் அப்பாவுக்கு நான் ஒருநாளும் இதைச் சொல்லியிருக்கமாட்டேன். அவர் நிலைமை வருவதற்கு முன்னால், முப்பதுகளில் இருக்கிற என் நண்பர்களுக்கும், இருபதில் இருக்கிற உங்களுக்கும்தான் சொல்கிறேன். ஸ்கேட்டிங் பிடிக்காவிட்டால் நீச்சல், பேட்மிண்டன், சைக்கிள், எதுவானாலும் சரி. ஒரே ஒரு பரீட்சை. ஒருநாள் அதைச் செய்யமுடியாமல் போனால், "அப்பாடா" என்று தோன்றுகிறதா, "அடடா" என்று தோன்றுகிறதா? அடடா என்று தோன்றுகிற உடற்பயிற்சிதான் பத்து வருஷம் நிற்கும்.

கடைசியாக, எங்கள் 2010 பேட்ச் சார்பில் ஒரு சின்னக் காணிக்கை. உடற்கல்வித் துறைக்குப் பன்னிரண்டு ஜோடி இன்லைன் ஸ்கேட்டும், பன்னிரண்டு பேருக்கு முழுக் கவசங்களும் கொடுப்பதாக இன்று காலை அந்த டிபன் மேஜையில் முடிவு செய்தோம். மாத்திரை போட்ட மூன்று பேரும்தான் முதலில் பணம் எடுத்தார்கள். ஆனால் ஸ்கேட் பிறகுதான் வரும். முதலில் வருவது ஒரு மரப்பலகை. குதிகாலை ஒட்டி வைக்க ஒரு முட்டு, மில்லிமீட்டர் கோடு போட்ட ஓர் அளவு. அதை நம் ஒர்க்ஷாப்பிலேயே முதலாமாண்டு மாணவர்கள் செய்து தரவேண்டும் என்பது என் வேண்டுகோள். கார்பென்டரி வகுப்பில் வருஷம் முழுக்க டி-ஜாயிண்ட் போட்டுத் தூக்கி எறிவதைவிட இது உபயோகம். அந்தப் பலகையில் உங்கள் பாதங்களை அளந்து எங்களுக்கு அனுப்புங்கள். அந்த அளவுக்குத்தான் ஷூ வாங்குவோம். ஒரு சைஸ் பெரிதாக வாங்கமாட்டோம்.